மாமல்லபுரத்தில் கல்லைத் தின்பது யார்?

விடுமுறை நாள் வந்துவிட்டால், சென்னையின் மேற்குப் புறநகர்களிலிருந்து மாமல்லபுரம் நோக்கிப் புறப்படும் வண்டிகள் பல. எங்கள் முகப்பேரில் இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு வேன் அமர்த்திக்கொண்டு விடியற்காலையில் கிளம்பினால், வெயில் ஏறுவதற்குள் கடற்கரைக் கோயிலின் முன் இறங்கிவிடலாம். இறங்கியதும் வழிகாட்டி ஒருவர் உடன் வந்து சேர்ந்துகொள்வார். பேசிய தொகைக்கு இரண்டு மூன்று மணி நேரம் நம்முடன் நடந்து, ஒவ்வொரு பாறையின் முன்பும் நின்று விளக்கம் சொல்வார்.

அவர் சொல்வனவற்றில் நான்கு செய்திகள் எந்த வழிகாட்டியிடமும் தவறாமல் கிடைக்கும். ஒன்று: "அதோ தெரிகிறதே வெண்ணெய் உருண்டை, அது 250 டன். 45 பாகைச் சரிவில் நிற்கிறது. ஏழு யானைகள் இழுத்தும் அசையவில்லை." இரண்டு: "இந்தத் துளைகளில் மர ஆப்பை இறுக்கி, நீர் ஊற்றிப் பாறையைப் பிளந்தார்கள்." மூன்று: "இங்கே ஏழு கோயில்கள் இருந்தன. ஆறு கோயில்களைக் கடல் கொண்டுவிட்டது." நான்கு: "மிஞ்சிய இந்த ஒன்றையும் அலைதான் தேய்த்துக்கொண்டிருக்கிறது."

வழிகாட்டியைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. அவர் தம் முன்னோர் சொன்னதையும் புத்தகங்களில் படித்ததையும் நமக்குச் சொல்கிறார். ஆனால், பள்ளியில் இயற்பியல் படிக்கும் மாணவருக்கு இந்த நான்கு செய்திகளும் நான்கு கணக்குகள். அவற்றை ஒவ்வொன்றாக ஆராய்வோம். ஆராயும்போது, 1,300 ஆண்டுகளாக நிற்கும் அந்தக் கல்லை உண்மையில் யார் தின்கிறார்கள் என்பதும் தெரியவரும்.

வெண்ணெய் உருண்டையின் எடை என்ன?

முதலில் எடையைப் பார்ப்போம். அந்தப் பாறை ஏறத்தாழ 6 மீட்டர் உயரமும் 5 மீட்டர் அகலமும் உடையது. தராசில் வைக்க முடியாத ஒரு பொருளின் எடையை அறியும் வழி உங்களுக்குத் தெரிந்ததே: கன அளவைக் கண்டு, அடர்த்தியால் பெருக்க வேண்டும். முட்டை வடிவம் என்று கொண்டு கணக்கிட்டால் கன அளவு சுமார் 78 கன மீட்டர் வரும். கருங்கல்லின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய 2,650 கிலோகிராம். பெருக்கினால் சற்றேறக்குறைய 200 டன் கிடைக்கிறது. பாறை ஒழுங்கான முட்டை வடிவம் உடையதன்று. ஆகையால் இக்கணக்கில் சிறிது கூடலாம், குறையலாம். வழிகாட்டி சொல்லும் 250 டன் பெரிய பிழை அன்று என்று ஒப்புக்கொள்ளலாம்.

அடுத்தது சரிவு. சாய்ந்த தளத்தின் மேல் இருக்கும் ஒரு பொருள் எப்போது சறுக்கும்? சரிவின் கோணத்திற்குரிய டேன்ஜென்ட் மதிப்பு, உராய்வுக் குணகத்தை மிஞ்சும்போது சறுக்கும். பொருளின் எடைக்கு இதில் பங்கே இல்லை என்பதைக் கவனியுங்கள். எடை கூடினால் கீழே இழுக்கும் விசையும் கூடுகிறது. தடுக்கும் உராய்வும் அதே விகிதத்தில் கூடுகிறது. ஆகவே 250 டன் பாறையும் 250 கிராம் கல்லும் ஒரே கோணத்தில்தான் சறுக்கத் தொடங்கும்.

சொரசொரப்பான கருங்கல் மேல் கருங்கல்லுக்கு உராய்வுக் குணகம் பெரும்பாலும் 0.6 முதல் 0.85 வரை இருக்கும். அதாவது, சரிவு 31 பாகையிலிருந்து 40 பாகைக்குள் எங்கோ சறுக்கல் தொடங்க வேண்டும். 45 பாகையில் நிற்க வேண்டுமானால் குணகம் 1 ஆக இருக்க வேண்டும். அப்படியானால் பாறையின் அடியில், அது உண்மையில் தொட்டுக்கொண்டிருக்கும் சிறிய பரப்பின் சரிவு 45 பாகைக்கு நன்றாகக் குறைந்திருக்க வேண்டும் என்பது தெளிவு. இதை நீங்களே அளந்து பார்க்கலாம். ஒரு கோணமானியின் நடுப்புள்ளியில் நூலைக் கட்டி, நூலின் நுனியில் ஒரு சிறு கல்லைத் தொங்கவிடுங்கள். கோணமானியின் நேர்விளிம்பைச் சரிவுக்கு இணையாகப் பிடித்தால், நூல் 90 பாகைக் கோட்டிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறதோ அதுவே சரிவின் கோணம்.

யானைக் கதைக்கு வருவோம். சென்னை மாகாண ஆளுநர் லாலி 1908-இல் ஏழு யானைகளைக் கொண்டு இப்பாறையை அகற்ற முயன்றார் என்று சொல்வார்கள். ஒரு யானையின் எடை நான்கு ஐந்து டன். தன் எடை முழுவதையும் இழுவிசையாக அது செலுத்துகிறது என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், ஏழு யானைகளின் விசை 35 டன் எடைக்கு மேற்படாது. பாறை 200 டன், சரிவு 20 பாகை, உராய்வுக் குணகம் 0.6 என்று கொண்டால், அதைக் கீழ்நோக்கிச் சறுக்கவைக்கச் சுமார் 44 டன் எடைக்குச் சமமான விசை வேண்டும். யானைகள் தோற்றதில் வியப்பில்லை. பாறை உருளாமலும் இருக்கிறதே என்றால், அதன் ஈர்ப்பு மையத்திலிருந்து இறங்கும் செங்குத்துக் கோடு அடிப்பரப்பிற்குள்ளேயே விழுகிறது. நியூட்டனின் விதிகளே போதும். அற்புதம் எதுவும் தேவையில்லை.

ஆனால் இதைவிடச் சுவையான கேள்வி ஒன்று உண்டு. அந்தப் பாறையை உருட்டித் திரட்டியது யார்? சிற்பி அல்லர். பூமிக்கடியில் கருங்கல்லில் இயற்கையாகவே விரிசல்கள் ஓடுகின்றன. அவை பாறையைப் பெரிய பெரிய கட்டிகளாகப் பிரிக்கின்றன. விரிசல்கள் வழியே நீர் இறங்கி, கல்லிலுள்ள ஃபெல்ஸ்பார் என்னும் கனிமத்தை மெல்ல மெல்லக் களிமண்ணாக மாற்றுகிறது. கட்டியின் முகப்பை நீர் ஒரு பக்கத்திலிருந்துதான் தாக்க முடியும். விளிம்பை இரண்டு பக்கங்களிலிருந்து தாக்குகிறது. மூலையையோ மூன்று பக்கங்களிலிருந்து தாக்குகிறது. எனவே மூலைகள் முதலில் கரைகின்றன, பிறகு விளிம்புகள். எஞ்சுவது உருண்டை. வாயிலிட்ட கற்கண்டு உருண்டையாவதும் இப்படித்தான். மேல்மண் அரித்துப்போன பின், உருண்டைகள் வெளியே தலை நீட்டுகின்றன. கல்லைத் தின்பவர் யார் என்ற கேள்விக்கு முதல் துப்பு இது: நீர், விரிசல் வழியாக, உள்ளே நுழைந்து தின்கிறது.

சிற்பியின் ஆப்பு

மாமல்லபுரத்துப் பாறைகளின் மேல் வரிசையாக வெட்டிய சிறு சிறு துளைகளைக் காணலாம். பாறையைப் பிளப்பதற்காக இட்ட ஆப்புத் துளைகள் அவை. சில பாறைகளில் துளை போட்டதோடு வேலை நின்றுபோயிருக்கிறது.

கருங்கல்லை வெறும் கையால் பிளக்க முடியாது. ஆனால் அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. கருங்கல்லை அமுக்கினால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஆயிரம் கிலோகிராமுக்கு மேல் தாங்கும். அதே கல்லை இரு பக்கமும் பிடித்து இழுப்பதாக வைத்துக்கொண்டால், சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் நூறு கிலோகிராமிலேயே அது அறுந்துவிடும். அமுக்கத்தில் பலசாலி, இழுப்பில் ஏழை. தூணாக நிற்கும் கல் நூற்றாண்டுகள் தாங்குவதும், நீண்ட உத்திரமாகப் படுக்கவைத்த கல் நடுவில் விரிசல் காண்பதும் இதனால்தான். உத்திரத்தின் அடிப்பக்கம் இழுபடுகிறது அல்லவா?

ஆப்பு என்ன செய்கிறது? மேலிருந்து அடிக்கும் அடியைப் பக்கவாட்டில் தள்ளும் விசையாக மாற்றுகிறது. பத்து சென்டிமீட்டர் நீளமும் இரண்டு சென்டிமீட்டர் தடிப்பும் உள்ள ஆப்பு, உராய்வைக் கணக்கில் கொள்ளாவிட்டால், அடிக்கும் விசையைப் போல் ஐந்து மடங்கு விசையைப் பக்கங்களில் செலுத்தும். வரிசையாக உள்ள துளைகளில் ஆப்புகளை இட்டு மாற்றி மாற்றி அடிக்கும்போது, துளைகளை இணைக்கும் கோட்டின் நெடுகக் கல் இழுபடுகிறது. ஒரு கட்டத்தில் பளிச்சென்று பிளந்துகொள்கிறது. உலர்ந்த மர ஆப்பை இறுக்கி நனைத்தாலும் மரம் ஊதிப் பக்கவாட்டில் நெருக்கும். இரும்பானாலும் மரமானாலும் தத்துவம் ஒன்றே: கல்லை வெளியிலிருந்து நசுக்காதே, உள்ளிருந்து பிதுக்கு.

இந்தத் தத்துவத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பல்லவர் காலச் சிற்பி கண்டுபிடித்த இதே பலவீனத்தை இன்னொருவரும் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்.

உப்பு என்னும் ஆப்பு

கடற்கரைக் கோயிலை எழுப்பியவன் இராசசிம்மன் என்ற இரண்டாம் நரசிம்மவர்மப் பல்லவன்; காலம் கி.பி. 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ஐந்து ரதங்களைப் போல நின்ற பாறையைக் குடைந்து செய்தது அன்று இது. வெட்டியெடுத்த கற்களை அடுக்கிக் கட்டியது. இதன் சுவர்ச் சிற்பங்களை அருகில் சென்று பாருங்கள். முகத்தில் மூக்கும் கண்ணும் மழுங்கி, உருவம் இருப்பதற்கான அடையாளம் மட்டுமே எஞ்சியிருக்கும் இடங்கள் பல. பிறகு கடலிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் பெரிய பாறைச் சிற்பத்தொகுதிக்குச் செல்லுங்கள். அர்ச்சுனன் தபசு என்றும் கங்கை இறங்குதல் என்றும் சொல்லப்படுவது அது. அங்கே யானையின் பாதமும், அதன் காலடியில் நிற்கும் குட்டிகளும் இன்றும் தெளிவாகத் தெரிகின்றன.

ஒரே ஊர், ஒரே வகைக் கல், கால வேறுபாடும் பெரிதன்று. பின் ஏன் இந்த வேற்றுமை? அலை மோதியதனால் என்று வழிகாட்டி சொல்வார். அலை சுவரின் அடிப்பகுதியைத் தாக்கியிருக்கலாம். ஆனால் அலை எட்டாத உயரத்திலுள்ள கல்லும் மழுங்கியிருக்கிறதே!

விடையை முகப்பேரிலேயே காணலாம். எங்கள் பக்கத்தில் ஆழ்குழாய் நீர் உவர்ப்பாக உள்ள வீடுகளில், சுவரின் அடிப்பகுதி ஓரிரு அடி உயரம் வரை வெள்ளையாகப் பூத்திருக்கும். கையால் தொட்டால் காரை பொடியாக உதிரும். சுவரில் உப்புப் பூத்துவிட்டது என்று கொத்தனார் சொல்வார். எத்தனை முறை வண்ணம் அடித்தாலும் அடுத்த கோடையில் மீண்டும் உரியும். அங்கே எந்த அலை மோதியது?

நடப்பது இதுதான். உப்பு கரைந்த நீர், செங்கல்லிலும் காரையிலும் உள்ள நுண்துளைகள் வழியே தந்துகிக் கவர்ச்சியால் மேலேறுகிறது. சுவரின் மேற்பரப்பில் நீர் ஆவியாகிவிடுகிறது. உப்பு ஆவியாக முடியாது; துளைக்குள்ளேயே படிகமாகிறது. அடுத்த முறை உப்புநீர் வரும்போது படிகம் இன்னும் வளர்கிறது. வளரும் படிகத்துக்கு இடம் போதவில்லை. அது தன்னைச் சுற்றியுள்ள சுவரை நெட்டித் தள்ளுகிறது. இந்த நெருக்கம் சதுர சென்டிமீட்டருக்கு நூறு கிலோகிராம் அளவை எட்ட வல்லது.

நூறு கிலோகிராம் என்ற எண்ணைச் சற்றுமுன் பார்த்தோம் அல்லவா? கருங்கல் இழுப்பைத் தாங்கும் எல்லை அது! கண்ணுக்குத் தெரியாத உப்புப் படிகம் சிற்பியின் ஆப்பு செய்த வேலையையே செய்கிறது. சிற்பி ஒரே நாளில் பாறையை இரண்டாகப் பிளந்தான். உப்பு, மணி மணியாகப் பிளக்கிறது.

கருங்கல்லில் நுண்துளைகள் மிகக் குறைவு. கன அளவில் நூற்றில் ஒரு பங்கு என்ற அளவிலேயே இருக்கும். ஆகவே செங்கல்லைப் போல் சில ஆண்டுகளில் அது உதிர்ந்துவிடாது. ஆனால் கடற்கரைக் கோயிலுக்கு உப்பு தரையிலிருந்து ஏற வேண்டியதில்லை, காற்றிலேயே வருகிறது. அலை உடையும்போது எழும் எண்ணற்ற நுண்துளிகளைக் காற்று ஏந்திக்கொண்டு வந்து கல்லின் மேல் பூசுகிறது. கோபுரத்தின் உச்சியும் இதற்குத் தப்பாது. கடலிலிருந்து உள்ளே செல்லச் செல்ல இத்துளிகள் குறைகின்றன. அதனால்தான் உட்பகுதிச் சிற்பத்தில் யானைக்குட்டி பிழைத்தது.

இன்னொரு நுட்பமும் உண்டு. காற்றின் ஒப்பு ஈரப்பதம் 75 விழுக்காட்டுக்கு மேல் போனால், சமையல் உப்பு காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தானே கரைந்துவிடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியில் நீர் கோத்துக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். ஈரப்பதம் 75-க்குக் கீழே இறங்கினால் மீண்டும் படிகமாகும். நம் கடற்கரையில் இரவில் ஈரப்பதம் இந்த எல்லைக்கு மேலே ஏறுவதும், வெயில் நேரத்தில் கீழே இறங்குவதும் சாதாரணம். ஆக, மழையோ அலையோ இல்லாத நாளிலும் உப்பு இரவில் கரைந்து பகலில் இறுகுகிறது. 1,300 ஆண்டுகளில் 4,74,500 நாட்கள். அவற்றில் பாதி நாட்களில் மட்டுமே இது நடந்தது என்று கொண்டாலும், இரண்டு லட்சம் தடவைக்கு மேல் அந்த ஆப்பு அடிக்கப்பட்டிருக்கிறது!

இதோடு மணலும் சேர்ந்துகொள்கிறது. காற்றில் மணல் துகள்கள் தாவித் தாவிச் செல்கின்றன. பெரும்பாலான துகள்கள் தரையிலிருந்து ஓரிரு மீட்டருக்கு மேல் எழும்புவதில்லை. எனவே சுவரின் அடிப்பகுதியை மணல் தேய்க்கிறது. உப்பு முன்பே தளர்த்தி வைத்த மணிகளை மணல் தட்டி எடுத்துச் செல்கிறது. ஒருவர் தோண்டுகிறார், மற்றவர் அள்ளுகிறார். ஆனால் அசையாமல் மூடிக் கிடக்கும் மணல் பகைவனன்று, காவலன். கடற்கரைக் கோயிலின் பக்கத்தில் மணலுக்கடியில் புதைந்திருந்த வராகச் சிற்பமும் சின்னஞ்சிறு கோயிலும் 1990-இல்தான் வெளிப்பட்டன. அதுவரை காற்றும் உப்புத் துளியும் அவற்றை நெருங்க முடியவில்லை.

ஏழு கோயில்கள் இருந்தனவா?

இனி மூன்றாவது செய்தி. பழங்கால ஐரோப்பிய மாலுமிகள் இவ்வூரை 'ஏழு பகோடாக்கள்' என்றே அழைத்தனர். கடலில் செல்பவனுக்குக் கரையிலுள்ள கோபுரம் வழிகாட்டும் அடையாளம். எவ்வளவு தொலைவிலிருந்து தெரியும்? பூமி உருண்டை என்பதால் இதற்கு ஓர் எல்லை உண்டு. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால் தொடுவானத்தின் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். கடற்கரைக் கோயிலின் உயரம் சுமார் 18 மீட்டர். அதற்கு 15 கிலோமீட்டர். கப்பல் தளத்தில் கடல்மட்டத்துக்கு மேல் 5 மீட்டர் உயரத்தில் நிற்பவன் கண்ணுக்கு 8 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 23 கிலோமீட்டர். நல்ல வெளிச்சத்தில் அவ்வளவு தொலைவிலேயே கோபுர நுனி தலைகாட்டத் தொடங்கும். மாலுமிகள் அதைக் கவனித்துப் பெயரிட்டதில் வியப்பில்லை. ஆனால் பெயரிலுள்ள 'ஏழு' என்ற எண் மட்டும் ஆறு கோயில்கள் மூழ்கியதற்குச் சான்றாகுமா? ஆகாது. கரையிலிருக்கும் பல சிகரங்களைச் சேர்த்தே அப்படி எண்ணினர் என்போரும் உண்டு.

சான்று வேண்டுமானால் கடலுக்குள் இறங்க வேண்டும். 2002-இல் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், இங்கிலாந்துக் குழு ஒன்றுடன் சேர்ந்து கோயிலுக்கு எதிரே மூழ்கிப் பார்த்தனர். 5 முதல் 8 மீட்டர் ஆழத்தில் சுவர்களின் எச்சங்களும், செதுக்கிய கற்களும் சிதறிக் கிடக்கக் கண்டனர். பாசியும் சிப்பியும் அவற்றின் மேல் அடர்ந்து படர்ந்திருந்தன.

பிறகு 2004 டிசம்பர் 26. இந்திய நேரப்படி காலை 6.29 மணிக்குச் சுமத்திராவுக்கு அருகே கடலடியில் பூகம்பம் ஏற்பட்டது. ஆழிப்பேரலையின் வேகம், புவியீர்ப்பு முடுக்கத்தையும் கடலின் ஆழத்தையும் பெருக்கி வரும் எண்ணின் வர்க்கமூலம். 4,000 மீட்டர் ஆழமுள்ள இடத்தில் அது மணிக்குச் சுமார் 700 கிலோமீட்டர்! 10 மீட்டர் ஆழத்துக்கு வந்ததும் மணிக்கு 36 கிலோமீட்டராகக் குறைகிறது. வேகம் குறையக் குறைய நீர் குவிந்து உயர்கிறது. ஒன்பது மணியளவில் அலை நம் கரைகளைத் தாக்கியது. அதற்குமுன் கடல் உள்வாங்கியபோது, வழக்கமாக நீருக்கடியில் இருக்கும் கற்களின் வரிசையைப் பார்த்ததாக மாமல்லபுரத்தில் இருந்தவர்கள் கூறினர்.

அந்த அலை ஆயிரக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதே அலை கரையின் மணலையும் வாரிக்கொண்டு போனதால் பழைய கற்கள் சில வெளிப்பட்டன. மாமல்லபுரத்துக்கு வடக்கே, புலிக்குகை இருக்கும் சாளுவன்குப்பத்தில், பாறை ஒன்றில் கல்வெட்டுகள் தெரிந்தன. அவற்றில் ஒரு முருகன் கோயில் பற்றிய குறிப்பு இருந்தது. தொல்லியல் துறையினர் 2005-இல் அருகே தோண்டியபோது, பல்லவர் காலக் கருங்கல் பகுதியும், அதற்கும் கீழே மிகப் பழைய செங்கல் கோயிலும் கிடைத்தன. கல்லால் ஆன வேல் ஒன்றும் இருந்தது. அங்கிருந்த மணற்படிவுகளை ஆராய்ந்தவர்கள், பழங்காலத்திலும் பேரலையோ பெரும்புயலோ இக்கோயிலை அழித்திருக்கலாம் என்று கருதினர்.

ஆக, மாமல்லபுரத்துக் கடற்கரையில் மறைந்துபோன கட்டடங்கள் இருந்தன என்பதற்குச் சான்று கிடைத்துவிட்டது. அவை சரியாக ஆறு என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. ஒரு கூற்றில் எந்தப் பகுதி மெய்ப்பிக்கப்பட்டது, எந்தப் பகுதி கதை என்று பிரித்துப் பார்ப்பதுதான் அறிவியல்.

மாயர் நாட்டுக் கடற்கரை

இதே போன்ற காட்சி உலகின் மறுபக்கத்திலும் உண்டு. மெக்சிகோ நாட்டின் யுகட்டான் தீபகற்பத்தில், கரீபியன் கடலோரத்தில் துலும் என்ற மாயர் நகரின் இடிபாடுகள் இருக்கின்றன. சுமார் 12 மீட்டர் உயரச் செங்குத்துப் பாறையின் மேல், மூன்று பக்கம் மதில் சூழ, கடலைப் பார்த்தபடி அதன் பெரிய கட்டடம் நிற்கிறது. அங்கும் பயணிகள் வண்டி அமர்த்தி, வழிகாட்டியை வைத்துக்கொண்டு வருகிறார்கள். அதுவும் நம்முடையதைப் போலவே வெப்பமண்டலக் கடற்கரை, அதே உப்புக் காற்று, புயலும் உண்டு.

ஆனால் கல் வேறு. அது சுண்ணாம்புக்கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு மென்மையான கார்பானிக் அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துவிடும். யுகட்டானின் வட பகுதியில் தரைமேல் ஓடும் ஆறுகளைக் காண்பது அரிது. மழைநீர் பாறையைக் கரைத்துக்கொண்டு கீழே இறங்கி நிலத்தடியில் ஓடுகிறது. மேற்கூரை இடிந்து விழுந்த இடங்களில் 'செனோட்டே' எனப்படும் ஆழ்கிணறுகள் உண்டாகியுள்ளன. மாயர்கள் தங்கள் கட்டடங்களுக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசி வண்ணமும் தீட்டினர். அந்தப் பூச்சு இருந்தவரை கல்லுக்குக் கவசமாயிருந்தது. நகரைக் கைவிட்டபின் பூச்சை யார் புதுப்பிப்பது? உரிந்த இடமெல்லாம் மழை புகுந்தது.

துலும் செழித்தது 13 முதல் 15-ஆம் நூற்றாண்டு வரை. நம் கடற்கரைக் கோயில் அதைவிட ஐந்து நூற்றாண்டுகள் மூத்தது. அப்படியும் நிற்கிறது என்றால், நம் சிற்பிகள் தேர்ந்தெடுத்த கல்லின் பெருமை அது. மழைநீரில் கருங்கல் எளிதில் கரையாது. உப்பின் ஆப்புக்கு மட்டுமே அது மெல்ல மெல்ல இடங்கொடுக்கிறது.

காக்க வழி உண்டா?

நோயின் காரணம் தெரிந்தால் மருந்தும் தெரியும். அலையே காரணம் என்றால், கரையில் பாறாங்கற்களைக் கொட்டினால் போதும். கடற்கரைக் கோயிலைச் சுற்றி அப்படிக் கொட்டியிருக்கிறார்கள். அலை அருகே வராமல் அது தடுக்கிறது. ஆனால் கற்சுவருக்கு ஒரு விலை உண்டு. நம் கரையில் ஆண்டு முழுவதும் கூட்டிக் கழித்துப் பார்த்தால் கடல் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே கொண்டுசெல்கிறது. வழியில் தடுப்பு வைத்தால் தெற்கே மணல் சேரும். வடக்கே கரை அரிக்கும். சென்னைத் துறைமுகம் கட்டியபின் அதன் தெற்கே மெரினா மணல்வெளி அகன்றதும், வடக்கே இராயபுரம் பக்கம் கடல் உள்ளே வந்ததும் இதற்கு நம் கண்முன் உள்ள சான்று.

உப்புக்கு வேறு மருந்து வேண்டும். காற்றில் வரும் துளிகளையும் மணலையும் தடுக்கச் சவுக்கு மரங்களை நட்டார்கள். கல்லுக்குள் புகுந்துவிட்ட உப்பை எடுக்கத் தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவினர் எளிய வழி ஒன்றைக் கையாளுகிறார்கள். காகிதக் கூழை நல்ல நீரில் குழைத்துச் சிற்பத்தின் மேல் அப்புகிறார்கள். நீர் கல்லுக்குள் இறங்கி உப்பைக் கரைக்கிறது. கூழ் வெளிப்புறம் உலரும்போது, கரைந்த உப்பு கல்லிலிருந்து கூழுக்கு இழுக்கப்பட்டு அங்கே படிகமாகிறது. உலர்ந்த கூழை உரித்தெடுத்தால் உப்பும் அதனோடு வந்துவிடுகிறது. கல்லைத் தின்ற அதே இயற்பியல் இங்கே கல்லைக் காக்கிறது. ஆனால் கடல் இருக்கும்வரை உப்பு வந்துகொண்டேயிருக்கும். ஆகவே இது ஒரு முறை செய்து முடிக்கும் வேலையன்று. திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியது. உதிர்ந்துபோன மூக்கையும் கண்ணையும் எந்தக் கூழாலும் திருப்பித் தர முடியாது.

பாறையின் மேல் ஆணியால் பெயர் கீறும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. ஒவ்வொரு கீறலும் உப்புநீர் தங்குவதற்கு நாம் தோண்டிக்கொடுக்கும் வாய்க்கால் என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.

வீட்டிலேயே ஒரு சோதனை

மாமல்லபுரத்தில் ஆயிரம் ஆண்டுகளில் நடந்ததை உங்கள் வீட்டு மொட்டைமாடியில் மூன்று வாரத்தில் பார்க்கலாம். ஒரே செங்கல்லிலிருந்து உடைத்த இரண்டு துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை வெறும் நீரிலும், மற்றதைக் கல்லுப்பு இனிக் கரையாது என்னும் அளவுக்குக் கரைத்த நீரிலும் இரவு முழுவதும் ஊறவையுங்கள். காலையில் எடுத்து, தனித்தனி வெள்ளைத் தாள்களின் மேல் வெயிலில் காயவையுங்கள். மாலையில் மீண்டும் அதனதன் நீரில் ஊறவையுங்கள். தாள்களின் மேல் விழும் பொடியைத் தனித்தனியே சேர்த்து வாருங்கள். சேர்ந்த பொடியில் உப்பும் கலந்திருக்கும். அதை நீரில் கரைத்து வடிகட்டிவிட்டால் செங்கல் பொடி மட்டும் எஞ்சும். எந்தத் தாளில் அதிகம்? எத்தனையாவது நாளில் உதிரத் தொடங்கியது? உப்புநீரைப் பாதி அடர்த்தியாக்கினால் நாட்கள் கூடுகின்றனவா? ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதி வையுங்கள்.

அடுத்த முறை மாமல்லபுரம் செல்லும்போது அந்தக் குறிப்பேட்டையும், நூல் கட்டிய கோணமானியையும் எடுத்துச் செல்லுங்கள். வழிகாட்டி சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். பிறகு உங்கள் சோதனையை அவருக்குச் சொல்லுங்கள். நாள்தோறும் அந்தச் சிற்பங்களைப் பார்ப்பவர் அவர். எந்தச் சிற்பத்தின் முகம் தம் இளமைக்காலத்தில் இருந்ததைவிட மழுங்கியிருக்கிறது என்று அவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.